கையுறையை எறிந்தால் என்ன அர்த்தம்?

கேள்வி: பகுதிநேரமாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். கட்டணத்தைப் பாதியாகக் குறைத்த ஒரு நிறுவனம் போட்டியாளர்கள் முன் 'த்ரோ டவுன் த கான்ட்லெட்' செய்துவிட்டதாக ஒரு வணிகச் செய்தியில் வருகிறது. அகராதியைப் பார்த்து 'இரும்புக் கையுறையை வீசியது' என்று எழுதினேன், எடிட்டர் சிரித்துவிட்டார். எப்படி எழுதுவது? 'ரன் த கான்ட்லெட்' என்பதும் இதேதானா?

பதில்: எடிட்டர் சிரித்ததில் தப்பில்லை. கையுறை என்றதும் நம் வாசகருக்கு விக்கெட் கீப்பர்தான் நினைவுக்கு வருவார். நாலு பேர் அறியச் சவால் விடுவதுதான் அந்தத் தொடரின் பொருள்.

'கான்ட்லெட்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். போர்வீரர்கள் அணிந்த, உலோகத் தகடு பதித்த கையுறை. இடைக்கால ஐரோப்பாவில் சில வழக்குகளைச் சண்டை போட்டே தீர்த்துக்கொண்டார்கள். ஒருவர் கையுறையைக் கழற்றிக் கீழே போடுவார். சொன்னபடி களத்துக்கு வருவேன் என்பதற்கு அதுதான் பிணை. எதிராளி அதைக் குனிந்து எடுத்தால் சண்டை உறுதி.

ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1817இல் லண்டன் நீதிமன்றத்திலேயே இது நடந்தது. மேரி ஆஷ்ஃபோர்டு என்ற இளம்பெண்ணைக் கொன்றதாக ஆபிரகாம் தார்ன்டன் என்பவர்மீது வழக்கு. ஜூரி அவரை விடுவித்துவிட்டது. பெண்ணின் அண்ணன் வில்லியம், பழைய சட்டமொன்றைப் பிடித்து மறுபடி இழுத்தார். தார்ன்டனின் வக்கீல்கள், சண்டை போட்டு வழக்கைத் தீர்க்கலாம் என்ற இன்னொரு பழைய சட்டத்தைத் தோண்டி எடுத்தார்கள். 'நான் குற்றவாளி அல்ல, என் உடலைக் கொண்டே அதை நிரூபிக்கத் தயார்' என்று சொல்லி, தார்ன்டன் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு மற்றதை நீதிமன்றத் தரையில் எறிந்தார். இரும்பெல்லாம் இல்லை, தோல் கையுறைதான். வில்லியம் அதை எடுக்கவில்லை. நீதிபதிகளுக்கும் வேறு வழியில்லை, சட்டம் உயிரோடுதான் இருந்தது. 1818இல் தார்ன்டன் விடுதலையானார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ஒழித்துக்கட்டியது.

எறிவதோடு பாதிதான் முடிகிறது என்பதைக் கவனியுங்கள். எடுப்பாரா, மாட்டாரா என்ற காத்திருப்பும் இந்தத் தொடருக்குள் இருக்கிறது. போட்டி நிறுவனமும் நாளைக்கு விலையைக் குறைத்தால் அது 'பிக் அப் த கான்ட்லெட்', அதாவது சவாலை ஏற்றது.

நமக்கும் இது புதிதல்ல. பௌத்தக் கதையில் குண்டலகேசி ஊர் வாசலில் நாவல் கிளையை நட்டுவிட்டுக் காத்திருப்பாள். வாதுக்கு வருகிறவர் அதைச் சாய்க்க வேண்டும். புத்தரின் சீடர் சாரிபுத்தர் அதைச் சிறுவர்களைவிட்டு மிதிக்கச் சொன்னார் என்பார்கள். 'நாவல் நட்டது' என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் வணிகச் செய்தியில் எடிட்டர் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்.

'சவால்' போதும், ஆனால் வினையைப் பார்த்துப் போடுங்கள். 'சவாலாக இருக்கிறது' என்றால் வெறும் சிரமம், 'சவால் விட்டது' என்றால்தான் இந்தப் பொருள். 'அறைகூவல்' நல்ல சொல்தான், என்றாலும் தொழிற்சங்கங்கள் அதை வேலைநிறுத்த அழைப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. உங்கள் வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: 'கட்டணத்தைப் பாதியாகக் குறைத்து, முடிந்தால் நீங்களும் குறைத்துப் பாருங்கள் என்று போட்டியாளர்களுக்குச் சவால் விட்டிருக்கிறது.'

'ரன் த கான்ட்லெட்' வேறு. அதில் கையுறையே இல்லை. ஸ்வீடிஷ் மொழியில் 'காட்லாப்' என்றால் சந்து ஓட்டம். இரண்டு வரிசையாக நிற்கும் சிப்பாய்களுக்கு நடுவே குற்றவாளியை ஓடவிட்டு இருபக்கமும் அடிப்பது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த அந்தச் சொல், ஒலி ஒற்றுமையால் கையுறையோடு கலந்துவிட்டது. பத்திரிகையாளர் கூட்டத்தின் கேள்விகளுக்கு நடுவே ஒரு அமைச்சர் காருக்குப் போனார் என்று வந்தால், அங்கே 'சவால்' வேண்டாம், 'கேள்விக் கணைகளைத் தாண்டி' என்று எழுதுங்கள்.