கெராச்சுட் கடற்கரைக்கு அம்மாவையும் கூட்டிட்டு நடக்கலாமா?

பீடோங்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: ஸ்கூல் லீவுக்கு பினாங்கு தேசியப் பூங்கா காட்டு வழியா பந்தாய் கெராச்சுட் போகணுமாம், கூட பத்து வயசு பையன், ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி ரிட்டையர் ஆன அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, நடந்துருவாங்களா, அங்க கடல்ல குளிக்கலாமா?

நடக்கலாம்மா, ஆனா போறதுக்கு மட்டும். வர்றதுக்கு படகு, அதான் போட்டு, எடுத்துக்குங்க. தெலுக் பஹாங் பூங்கா வாசல்ல இருந்து மூணு கிலோமீட்டர் சொச்சம்தான், கேக்க சின்னதா தெரியும், ஆனா கொஞ்ச தூரம் கடலோரமா போய் பாதை பிரியுற இடத்துல இடது பக்கம் திரும்புனா மேடு ஆரம்பிச்சிரும், குன்றை ஏறி அந்தப் பக்கம் இறங்கணும், ஒன்றரை மணி நேரம் ஆகும், அம்மாவோட ரெண்டுன்னு வச்சுக்குங்க. ஏத்தம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான், முட்டிய பதம் பாக்குறது இறக்கம். வேரெல்லாம் குறுக்க கிடக்கும், மழை பேஞ்சிருந்தா வழுக்கும், கையில ஒரு கம்பு குடுத்து பக்கவாட்டா கால் வச்சு இறங்கச் சொல்லுங்க.

சப்பாத்துக்கு காசைக் கொட்டாதீங்க. தோட்டத்துல போடுற அந்த கருப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங்னு சொல்வோமே, அது போதும், அடியில முள்ளு முள்ளா இருக்கிறதால சேத்துல நல்லா பிடிக்கும். தடி சாக்ஸ் போட்டுக்கணும். அம்மாகிட்ட ஒரு ஜோடி வீட்லயே கிடக்கும் பாருங்க.

குளியல் வேணவே வேணாம். நீரோட்டம் இழுக்கும், ஜெல்லி மீனும் உண்டு, அதுல பாக்ஸ் ஜெல்லிங்கிறது தண்ணியில கண்ணுக்கே தெரியாது. பையன் காலை நனைக்கிறேன்னு அடம் பிடிப்பான், அதனால ஒரு சின்ன போத்தல் வினிகர் எடுத்துக்குங்க. ஜெல்லி மீன் பட்டுருச்சுன்னா தேய்க்கக் கூடாது, குடிக்கிற தண்ணி ஊத்தக் கூடாது, வினிகரை அரை நிமிஷமாவது ஊத்தணும், மூச்சு திணறுனா உடனே ஆஸ்பத்திரிதான். பையனுக்குக் காட்ட அங்க ஆமை காப்பகம் இருக்கு, ஒரு ஏரியும் இருக்கு, மேல நல்ல தண்ணி, அடியில உப்புத் தண்ணி, ரெண்டும் கலக்காது, ஆனா சில மாசம் வத்திப் போய் வெறும் சேறாத்தான் கிடக்கும், ஏமாந்துறாதீங்க.

முதல்ல வாசல் ஆப்பீஸ்ல பேர் பதிஞ்சு பாதை திறந்திருக்கான்னு கேளுங்க. போட்டை அங்க படகுத்துறையிலயே நேரம் சொல்லி பேசிட்டுத்தான் நடக்கணும், காட்டுக்குள்ள போன் லைனை நம்பாதீங்க. அலை பெருசா இருந்தா போட்டு வராது, அப்ப வந்த வழியே திரும்பணும், அதனாலதான் காலையில எட்டு மணிக்கெல்லாம் கிளம்பச் சொல்றேன். நாசி லெமாக்கை பிளாஸ்டிக் பையில தொங்கவிட்டுட்டு போகாதீங்க, குரங்கு கையில இருந்தே பிடுங்கிரும் லா.