பழைய பரோலோவின் நிறம் வெளிறியிருந்தால் கெட்டுவிட்டது என்று பொருளா?

வாசகர் கேள்வி: இத்தாலியின் பரோலோ பகுதியில், தலைமுறைகளாகப் பழைய முறையிலேயே ஒயின் செய்துவரும் ஒரு குடும்பத்தாரின் 2004ஆம் ஆண்டு பரோலோ என்னிடம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் செங்கல் நிறமாகத் தெரிகிறது; அடியில் மண்டியும் படிந்துள்ளது. கெட்டுவிட்டதா? எப்படித் திறந்து சுவைப்பது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் இரண்டும் குறைகள் அல்ல. பரோலோ முழுவதும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையில் செய்யப்படுகிறது. அதன் தோலில் நிறம் குறைவு. துவர்ப்பும் புளிப்பும் மிக அதிகம். புதிதாக இருக்கும்போதே அது கோப்பையின் மறுபுறத்து விரல் தெரியுமளவுக்கு வெளிறியிருக்கும். இருபது ஆண்டுகளில் அதன் விளிம்பு ஆரஞ்சாகவும் செங்கல் நிறமாகவும் மாறுவது இயல்பு. நிறப்பொருளும், துவர்ப்பைத் தரும் டானினும் காலப்போக்கில் பிணைந்து கனத்துப் படிவதே மண்டி. இந்த வயதிலும் ஒரு பரோலோ கருஞ்சிவப்பாக இருந்தால்தான் நான் ஐயப்படுவேன்.

பழைய முறை என்பது சுவைப்பவருக்கும் முக்கியமான செய்தி. சாற்றைத் தோலோடு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஊறவிட்டு, பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பெரிய ஸ்லவோனிய ஓக் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிரவிடுவார்கள். இன்றைய விதிப்படி பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும். அதில் 18 மாதம் மரத்தில். 1980களில் பலர் ஊறும் நாட்களைக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் சிறிய புதிய பீப்பாய்களுக்கு மாறினார்கள். 2005இல் மறைந்த பரோலோ ஒயின் தயாரிப்பாளர் பர்தோலோ மஸ்கரெல்லோ அதை உறுதியாக மறுத்தவர். அவருடைய மகள் மரியா தெரேசாவும் அதே வழியில், பல தோட்டங்களின் திராட்சையைச் சேர்த்தே பரோலோ செய்கிறார். இப்படிச் செய்த ஒயினில் புதிய மரத்தின் வனிலா மணம் முந்திக்கொண்டு வராது. திராட்சையின் மணம் மெல்லத்தான் விரியும் என்பதால், முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அதற்கு இழைக்கும் அநீதி.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். இருபது வயதுத் தக்கை திருகாணியில் உடையக்கூடும். இரண்டு மெல்லிய தகடுகளைப் பக்கவாட்டில் செருகி இழுக்கும் திறப்பான் நல்லது. பரிமாறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன் திறந்து, சிறிதளவு ஊற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, குளிர்ந்த இடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். மண்டியைப் பிரிப்பதற்காகக் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவதானால், கழுத்துக்குப் பின்னால் விளக்கை வைத்து, ஒரே சீராகச் சாய்த்து, மண்டி கழுத்தை எட்டியதும் நிறுத்த வேண்டும். குலுக்கி ஊற்றுவது இந்த வயது ஒயினுக்கு ஆகாது. வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

முதலில் ஈர மரம், காளான் போன்ற மணம் வந்தால் பதற வேண்டாம். அரை மணி நேரத்தில் விலகிவிடலாம். நனைந்து புழுங்கிய அட்டையின் வாடை வந்து, நேரம் செல்லச் செல்ல வலுத்தால் அது தக்கையால் வந்த கேடு. அதைச் சரிசெய்ய வழி இல்லை. காடியின் நெடி மேலோங்கி, வாயில் பழத்தின் சாயலே இல்லாமல் போனால் ஒயின் தன் காலத்தைக் கடந்துவிட்டது. நன்றாக இருக்கும் பாட்டிலில் காய்ந்த ரோஜா இதழ், தார், அதிமதுரம், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக எழும்.

வாயில் கவனிக்க வேண்டியது டானின். முதிர்ந்த பரோலோவிலும் துவர்ப்பு இருக்கும், ஆனால் அது ஈறுகளைக் கீறாமல் நுண்ணிய மாவுபோல் படிந்து கரைய வேண்டும். விழுங்கிய பின்னும் மணம் நெடுநேரம் நிற்க வேண்டும். வெறும் வயிற்றில் இந்தத் துவர்ப்பு கடுமையாகத் தெரியும். எனவே பரோலோ அமைந்துள்ள பியெமோந்தே மாநிலத்துக்காரர்கள் செய்வதுபோல, ஒயினில் மெல்ல வேகவைத்த மாட்டிறைச்சியோ, வெண்ணெய் சேர்த்த தயாரின் என்னும் முட்டை நூடுல்ஸோ, முதிர்ந்த பாலாடைக்கட்டியோ உடன் வைத்துக்கொள்ளுங்கள். 2004 பரோலோவுக்குச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று என்பதால், பாட்டிலை ஒரே மூச்சில் முடிக்காமல் ஒரு கோப்பையளவு தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மாலை வெளியே எடுத்துக் குளிர் தணிந்ததும் ஒருமுறை சுவைத்துப் பாருங்கள்.