ஆன்லைன் போக்கரில் ரேக்கைக் குறைக்க 60% ரேக்பேக் உதவுமா?

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறேன். 10/20 மேசையில் (கட்டாயப் பந்தயம் ₹10, ₹20) ஆடினால் தளம் பிடிக்கும் ரேக்கே நிறையப் போய்விடுகிறது. டெலிகிராமில் ஒரு ஏஜென்ட், வெளிநாட்டு கிளப் ஆப்பில் சேர்ந்தால் 60% ரேக்பேக், அதாவது பிடித்த ரேக்கில் 60% திருப்பித் தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் விலை ஏறினாலும் இறங்கினாலும் கமிஷன் பிடிப்பார்கள். ரேக்கும் அப்படித்தான், யார் ஜெயித்தாலும் தளத்துக்குப் பங்கு உண்டு. பெரும்பாலும் பாட் தொகையில் (எல்லாரும் வைத்த பந்தயப் பணம்) 5%, அதற்கு ஒரு 'கேப்', அதாவது உச்சவரம்பு. ஆறு பேர் தலைக்கு ₹2,000 வைத்து உட்கார்ந்தால் மேசையில் ₹12,000. ஒரு கைக்கு (சீட்டுப் போட்டு ஆடும் ஒரு சுற்று) சராசரி ₹8 ரேக், மணிக்கு 70 கை என்று வைத்துக்கொள்ளுங்கள்: ₹560. நாலு மணி நேரத்தில் ₹2,240 மேசையை விட்டே போய்விடும். ஆறு பேருக்கும் 60% திருப்பிக் கொடுத்தாலும் ₹896 போனது போனதுதான்.

அந்த 60% எதில் என்பதும் முக்கியம். அந்தக் கையில் சீட்டு போடப்பட்ட எல்லாருக்கும் ரேக்கைச் சமமாகப் பிரிப்பது ஒரு முறை. பாட்டுக்குப் பணம் போட்டவர்களுக்கு மட்டும் சமமாகப் பிரிப்பது இன்னொன்று. போட்ட தொகையின் விகிதப்படி பிரிப்பது மூன்றாவது. குறைவான கைகளே ஆடுகிறவருக்கு முதல் முறையில்தான் லாபம், மூன்றாவதில் மிகக் குறைவு. எந்த முறை என்று கேட்டால் ஏஜென்ட் தெளிவாகச் சொல்ல மாட்டார்.

ரேக் உண்மையில் குறைவது ஆடும் விதத்தில்தான். பல தளங்களில் ஃப்ளாப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வராமல் முடிந்த கைக்கு ரேக் கிடையாது. அதனால் 'லிம்ப்' செய்து (பந்தயத்தை உயர்த்தாமல் குறைந்தபட்சத் தொகை மட்டும் வைத்து) நாலு பேரோடு ஃப்ளாப் பார்ப்பதுதான் மிகச் செலவான பழக்கம். ஆடத் தகுந்த கை என்றால் ரெய்ஸ் செய்யுங்கள் (பந்தயத்தை உயர்த்துங்கள்), இல்லையென்றால் சீட்டைக் கீழே போட்டு விலகிவிடுங்கள். ஸ்மால் பிளைண்டிலிருந்து (சிறிய கட்டாயப் பந்தயம் வைக்கும் இடம்) வெறும் கால் செய்வது, அதாவது உயர்த்தாமல் ஈடுகட்டுவது, இன்னும் மோசம்: ரேக்கும் போகும், கை முடியும் வரை முதலில் பேசவேண்டிய இடமும் உங்களுடையது. டோர்னமென்டில் 100+10 (100 பரிசுக்கு, 10 தளத்துக்கு) என்றால் கட்டணம் ஒரு தடவைதான். ஆனால் தோற்றபின் ரீ-என்ட்ரி போட்டு மறுபடி நுழைந்தால் அந்தப் 10 மறுபடியும் போகும். கேப்பை ரூபாயில் பார்க்காமல் பிக் பிளைண்டில் (பெரிய கட்டாயப் பந்தயம், 10/20-ல் ₹20) பாருங்கள். 10/20-ல் ₹60 கேப் என்றால் 3 பிக் பிளைண்ட். பெரிய தொகைக்கு ஆடும் மேசைகளில் இந்த எண் குறையும் என்பது உண்மைதான். அதற்காகக் கைக்கு மீறிய மேசைக்குப் போகாதீர்கள்.

இவ்வளவும் இன்று இலவசச் சிப்ஸ் மேசையில் பழகத்தான் பயன்படும். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதையே தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ₹1 கோடி வரை அபராதம். போக்கர் திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ஏஜென்ட் காட்டுவார். அது தமிழ்நாட்டுச் சட்டம் குறித்த தீர்ப்பு. மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்தே பார்ப்பதில்லை.

என் பெரிய கவலை உங்கள் வங்கிக் கணக்கு. இத்தகைய கிளப்புகளில் சிப்ஸுக்கான பணம் யார் யாருடைய யுபிஐக்கோ போகும். ஜெயித்த பணமும் முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து வரும். அந்தப் பணம் எங்கோ நடந்த மோசடியோடு தொடர்புடையது என்று புகார் போனால், வேறு மாநிலப் போலீஸ் சொன்னால்கூட உங்கள் கணக்கை வங்கி முடக்கிவிடும். ஒசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் வரும் கணக்கும் அதுதான் என்றால், வீட்டு வாடகைக்கே திண்டாட்டம். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் பணம் கை மாறிவிடும்.

பழைய இந்தியத் தளத்தில் மீதி இருந்தால் எடுத்துவிடுங்கள். நிகர வெற்றியில் 30% டிடிஎஸ் (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடித்திருப்பார்கள். 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்து, வருமான வரிக் கணக்குப் படிவமான ஐடிஆர்-2-ல் காட்டுங்கள். இந்த வருமானம் இருந்தால் ஐடிஆர்-1 செல்லாது.