நைட் டியூட்டியும் எம்.பி.எச். ஆய்வேடும்: எதைக் குறைப்பது?

கேள்வி: மதுரையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வாரம் ஆறு நாள் வேலை, மாதம் பத்து நைட். வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோய் சர்வே எடுக்க வேண்டும். தூக்கமே இல்லை. 35,000 ரூபாய்க்கு டேட்டாவோடு முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வேலையை விடவா, படிப்பை விடவா?

பதில்: இரண்டையும் விட வேண்டாம். சுருக்க வேண்டியது ஆய்வேட்டை.

கணக்குப் பாருங்கள். 20 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கும் ஒன்றை 5 சதவீதப் பிழைக்குள் அளக்க, 4 × 20 × 80 ÷ 25 = 256 பேர் வேண்டும். 10 சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்று வைத்தால், 256 ÷ 0.9 = 285. ஓர் ஆஃப் நாளில் எட்டு வீடு முடிக்கலாம் என்றால் 36 ஆஃப் போய்விடும். அதாவது, வாரம் ஓர் ஆஃப் என்றால் எட்டு மாதத்துக்கு மேல் ஓய்வே கிடையாது. உங்கள் தூக்கம் போவது இங்கேதான்.

அதற்குப் பதில் உங்கள் மருத்துவமனை ரெக்கார்டுகளையே எடுங்கள். 'சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஓராண்டுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தது' என்பது போன்ற ஒரே கேள்வி போதும். கேஸ் ஷீட்டுக்குப் பத்து நிமிடம், வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்கினால் எட்டு வாரத்தில் 285 முடியும். தலைப்பை மாற்றும் முன் 20 ஷீட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தேவையான விவரம் பாதி ஷீட்டில் எழுதப்படவே இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள். முடிவு உங்கள் மருத்துவமனைக்குத்தான் பொருந்தும், ஊருக்கு அல்ல என்பதையும் ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

பலர் சறுக்குவது இங்கே. 'தினமும் நான் பார்க்கும் ஷீட்தானே, அனுமதி எதற்கு?' டியூட்டிக்காகப் பார்ப்பது வேறு, ஆய்வுக்காக எடுப்பது வேறு. நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் (எத்திக்ஸ் கமிட்டி) ஒப்புதலும் இரண்டும் வேண்டும். பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண் நீக்கிய பழைய ரெக்கார்டுகளுக்கு நோயாளியின் சம்மதப் படிவத்திலிருந்து விலக்குக் கேட்கலாம்; ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டி அதற்கு இடம் தருகிறது. ஆனால் விலக்கு சம்மதத்துக்குத்தான், ஒப்புதலுக்கு இல்லை. விலக்குத் தருவதும் குழுதான், நீங்களோ கைடோ அல்ல. பழைய தலைப்புக்கு ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியிருந்தாலும் மாற்றத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். டேட்டா எடுத்த பிறகு முன்தேதியிட்டு ஒப்புதல் கிடைக்காது.

குழு எப்போது கூடும் என்பதை இந்த வாரமே கேளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். மாணவர் மன அழுத்தம் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் கல்லூரிகள், கூட்டத் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்தால் பாதி அழுத்தம் தீரும். இதைக்கூடச் செய்யாமல் மாணவர்களை அலையவிடுவது நியாயமே இல்லை.

அந்த 35,000 ரூபாய் ஆளை நம்பாதீர்கள். ஒரே எக்செல் பல மாணவர்களுக்குக் கைமாறும். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) 'இந்த 285 பேரை எங்கே, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற முதல் கேள்வியிலேயே மாட்டுவது நீங்கள். எழுத்தும் காப்பியாக இருந்தால், யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும், 40 தாண்டினால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60 தாண்டினால் பதிவே ரத்து. 'டர்னிட்டின் ரிப்போர்ட்' (காப்பியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளின் அறிக்கை) மலிவாக எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடமும் ஃபைலைக் கொடுக்காதீர்கள். அவர்கள் ஏற்றும் பிரதி சேமிப்பில் தங்கிவிட்டால், கல்லூரி சோதிக்கும்போது உங்கள் எழுத்தே காப்பியாகத் தெரியும். கல்லூரி நூலகம் வழியாக மட்டும் பாருங்கள்.

நைட் வாரத்தில் எழுத்து வேலை வைக்காதீர்கள். அது பகல் ஷிப்ட் வாரத்துக்கு. டியூட்டி முடிந்து வந்ததும் அறையை இருட்டாக்கி ஐந்து மணி நேரம், மாலையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்குள் காபி, டீ வேண்டாம். கண் செருகினால் வண்டியை எடுக்காமல் 20 நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

தூக்கம் சரியான பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையோ எதிலும் பிடிப்பின்மையோ நீடித்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.