நடுக்கட்டத்துக்கு ஏன் மனம் போகிறது?

கேள்வி: மருதமுனையில் வீட்டிலிருந்தே உடை தைத்துக் கொடுக்கிறேன். நோன்புப் பெருநாளுக்கு முன் மோட்டார் தையல் இயந்திரம் ஒன்று வாங்க வேண்டும். விலை 120,000 ரூபாய். கடையில் தந்த தாளில் 12, 24, 36 மாதத் தவணைகள் இருக்கின்றன. 24 மாதத்துக்கு ஏற்கெனவே சரி அடையாளம் போட்டிருக்கிறார்கள். "ஒரு நாளைக்கு 207 ரூபாய்தான்" என்கிறார்கள். எனக்கும் அதுவே அளவாகத் தெரிகிறது. கையெழுத்து வைக்கலாமா?

பதில்: இன்று வேண்டாம், சகோதரி.

நீங்கள் அனுப்பிய கடைத்தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 11,200, 6,200, 4,533 என்று மாதத் தவணைகள் தடித்த எழுத்தில் இருக்கின்றன. கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு என்பது எங்குமே இல்லை. பெருக்கிப் பார்த்தால் 134,400, 148,800, ஏறக்குறைய 163,200. நடுக்கட்டமான 24 மாதத்தில் நீங்கள் மேலதிகமாகக் கொடுப்பது 28,800 ரூபாய்.

இப்போது 36 மாதக் கட்டத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தாளை மீண்டும் பாருங்கள். 24 மாதம் இனி நடுவில் இல்லை. இருப்பதில் நீண்ட கடன் அதுதான். பக்கத்தில் 36 நின்றதால்தான் அது அளவாகத் தெரிந்தது. மட்டக்களப்பில் எருமைத் தயிரைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சட்டிகளில் வரிசையாக வைத்தால், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கு முன்பே கை நடுச்சட்டிக்குப் போகிறதே, அதே பழக்கம்தான். இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் இருப்பதை மனிதர் பாதுகாப்பாகக் கருதுவதை நுகர்வோர் தெரிவுகளை ஆராயும் இட்டமார் சைமன்சன் 1989இல் ஆராய்ந்து எழுதினார்.

சரி அடையாளம் அதைவிட வலியது. உடல் உறுப்புத் தானம் பற்றி ஜோன்சன், கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர் இருவரும் 2003இல் வெளியிட்ட ஒப்பீட்டில் ஜெர்மனியில் சம்மதித்தோர் 12 சதவீதம். அயல்நாடான ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். ஜெர்மனியில் விரும்புகிறவர் தாமே பதிய வேண்டும். ஆஸ்திரியாவில் மறுப்புத் தெரிவிக்காதவர் எல்லோரும் சம்மதித்தவராகக் கொள்ளப்படுகிறார்கள். உயிர் சார்ந்த முடிவிலேயே இப்படியென்றால், கடை மேசையில், வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது, போட்ட அடையாளத்தை அடித்துவிட்டு வேறொன்றைக் கேட்க எவருக்கும் கூச்சமாகவே இருக்கும்.

எனக்குக் கவலை தருவது அந்த 207 ரூபாய்தான். நீங்கள் நாளாந்தம் கட்டப்போவதில்லை; நாளாந்தம் உழைப்பதும் இல்லை. பெருநாளுக்கு முந்திய வாரங்களில் இரவிரவாகத் தைக்கிறீர்கள். பெருநாள் முடிந்ததும் துணியோடு வருபவர்கள் குறைந்துவிடுவார்கள். அந்த மாதத்திலும் 6,200 கட்டியாக வேண்டும். 'ஒரு நாளைக்கு' என்ற சொல் வரவு வராத மாதத்தை மறைத்துவிடுகிறது. கடந்த ஆண்டுக் கணக்குக் கொப்பியை எடுத்து, ஆகக் குறைந்த வருமானம் வந்த மாதத்தைத் தேடுங்கள். வீட்டுச் செலவு போக அந்த மாதத்தில் எவ்வளவு மிஞ்சியதோ, உங்களால் தாங்கக்கூடிய தவணை அவ்வளவே.

தாளில் வட்டி என்று உள்ள '12 சதவீதம்' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓராண்டு முடிவில் முதல் தொகையில் பாதியை அடைத்திருப்பீர்கள். வட்டியோ கடைசி மாதம் வரை முழு 120,000க்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. மீதமுள்ள கடனுக்கு மட்டும் வட்டி கேட்கும் கடன்களோடு ஒப்பிட்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதத்துக்குச் சமம். வேறெங்காவது 18 சதவீதம் என்று சொன்னால் '12தான் மலிவு' என்று விலகிவிடாதீர்கள். எந்தத் தொகைக்கு வட்டி என்று கேளுங்கள்.

கடைக்குத் திரும்பிப் போகுமுன் வெற்றுத்தாள் ஒன்றில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: கையில் இருக்கும் காசு, மந்தமான மாதத்தில் கட்டக்கூடிய தொகை, கடைத்தாளில் இல்லாத வழிகள். பாவித்த இயந்திரம் ஒன்று, பாதிப் பணத்தை முற்பணமாகக் கொடுப்பது, இந்தப் பெருநாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது ஆகிய மூன்றையும் நான் விசாரித்திருப்பேன். பெருநாள் வருமானத்தில் கடனை முன்கூட்டியே அடைத்தால் வட்டி குறையுமா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தாளின் அடியில் சிறிய எழுத்தில் காப்புறுதிக்கும் ஒரு சரி அடையாளம் இருக்கிறது. அது கட்டாயமா, தவணைக்கு மேலாக அதற்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.