கிளினிக் கொப்பி வீட்டை விட்டுப் போகக்கூடாது

கேள்வி: கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறேன், டொக்டர். நான்கு பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு 74 வயது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடான லயத்தில் தனியாக இருக்கிறார். சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. இரவில் இன்சுலின் ஊசி போடுகிறார். 2020 ஊரடங்கில் பல கிழமை மருந்து இல்லாமல் இருந்தார். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பாதை அடைபட்டபோது மறுபடியும் அதே நிலை. இனியொரு தொற்று வந்தால் என்ன செய்வது? பக்கத்து லயத்து ஒருவர், நோயும் மருந்தும் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, வங்கி அட்டை மூன்றையும் தந்தால் மருந்தையும் கொடுப்பனவையும் தானே எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? அல்லது அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டி வந்துவிடவா?

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. மூன்றில் ஒன்றைக் கூடக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்த ஊரடங்கு நாட்களில் ஒரு காலை, எங்கள் கிளினிக் வாசலுக்கு ஓட்டோவில் ஒருவர் வந்தார். கையில் இறப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு கத்தை கொப்பிகள். ஒரு கொப்பிக்கு இவ்வளவு என்று லயத்தில் காசு வாங்கியிருந்தார். அந்தக் கத்தையில் இரண்டு மாரியம்மாக்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும்தான் வேறு. ஒருவருக்குப் பிரஷர் மட்டும், மற்றவருக்குச் சீனி. உறைகள் மாறிப் போயின. சீனி வருத்தமே இல்லாத அந்த அம்மா நான்கு நாள் சீனி மாத்திரை விழுங்கி, விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சுருண்டு விழுந்தார். நெற்றியில் வியர்வை வழிய, யாரையும் அடையாளம் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொப்பிகளைக் கத்தையாக எடுத்துப் போகிறவருக்கு யார் எந்த மாத்திரை குடிக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்குத் தேவையும் இல்லை.

இன்னொரு வகை இதைவிட மோசம். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்துவிட்டது, வெளியில்தான் வாங்க வேண்டும்" என்று பாமசியில் வாங்கி, விலையைக் கூட்டிச் சொல்வார்கள். மருந்து உண்மையாகவே முடிந்துபோகிற நாட்களும் உண்டு என்பதால் வயதானவர்களால் மறுத்துப் பேச முடியாது. பிறகு கிளினிக்கில் கொடுத்ததும் பாமசியில் வாங்கியதும் இரண்டும் வீட்டில் இருக்கும். ஒரே லொசார்டன் பிரஷர் மாத்திரை, இரண்டு பெயர், இரண்டு நிறம். அம்மா இரண்டையும் குடிப்பார்.

வங்கி அட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? அட்டையும் இரகசிய இலக்கமும் ஒரே ஆளிடம் போனால் அந்தக் கணக்கு அந்த ஆளுடையது. கடைக் கடனுக்கு அட்டையை ஈடாக வைத்திருக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அரசின் உதவிக் கொடுப்பனவான அஸ்வெசும விண்ணப்பத்துக்கு யாருக்கும் ஒரு சதம் கொடுக்கத் தேவையில்லை. கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரே கேட்கலாம். முதியோர் அடையாள அட்டையும் அங்கேதான், 60 வயது தாண்டியிருந்தால் போதும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவைக் கையோடு கூட்டிப்போய் இதை முடித்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் யார் மருந்து எடுப்பது? ஒரே ஒரு ஆள். அம்மாவுக்கு மட்டும் எடுக்கிற ஆள். சொந்தக்காரப் பிள்ளையோ, ஏஎல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பக்கத்து காம்பராப் (லய அறை) பெண்ணோ யாராவது இருப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு தடவை அம்மாவோடு கிளினிக்குக்குப் போய் வரட்டும். பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் நீங்கள் அனுப்புங்கள், ஓசியில் கேட்காதீர்கள். கிளினிக் நாளன்று மட்டும் கொப்பி அந்தப் பிள்ளையோடு போய், அன்றே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மூடினால் கொப்பி எங்கே இருந்தாலும் அந்தப் படத்தைக் காட்டிப் பக்கத்து அரச வைத்தியசாலையில் மருந்து கேட்கலாம். மாத்திரை உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையே மேலே சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கட்டும். தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்கவும் அம்மாவுக்கு உரிமை உண்டு. இத்தனை வருடமாகத் தமிழர் வந்து நிற்கிற ஜன்னலில் அதை இன்னும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் எப்போதும் இரண்டு கிழமை மருந்து மேலதிகமாக இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் கிளினிக் டொக்டரிடம், "பாதை அடைபடும் இடம், கொஞ்சம் கூடத் தாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தராவிட்டால் கொப்பியைக் காட்டி அரச மருந்துக் கடையான ஒசுசலவில் அந்த இரண்டு கிழமைக்கு மட்டும் வாங்குங்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வையுங்கள். புது மருந்து வந்ததும் டின்னில் இருப்பதை முதலில் குடித்துப் புதியதை டின்னில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திகதி முடிந்துவிடும். பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பாரிசவாதம் வரலாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அம்மாவே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் மட்டும் இந்த டின் கணக்கில் சேராது. இதை நிதானமாக வாசியுங்கள். திறக்காத குப்பி குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும், மேலே உறைகிற தட்டில் அல்ல. ஒரு தடவை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது. லயத்தில் பெட்டி இல்லாவிட்டால், இருக்கிற வீடொன்றில் பெயர் எழுதிக் கொடுத்து வையுங்கள். திறந்த குப்பிக்குப் பெட்டி தேவையில்லை. உங்கள் ஊர்க் குளிரில் வெளியிலேயே நான்கு கிழமை வரை இருக்கும். அதனால் திறந்த நாளை உறையில் எழுதுங்கள். ஆனால் எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். நான் போன வீடுகளில் பாதியில் அடுப்புக்கு மேலே, விறகு காய்கிற தட்டில்தான் குப்பி இருந்தது. பூனை எட்டாது, பிள்ளைகள் எட்டாது, அதனால் அங்கே. அந்தச் சூட்டில் மருந்து தன் சக்தியை இழந்துவிடும். ஊசி ஒழுங்காகப் போட்டும் சீனி ஏறுகிறது என்று சொல்பவர்களிடம் முதலில் அந்தத் தட்டைத்தான் கேட்பேன். முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்புச் சுவரில், வெயில் படாத மூலையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்தால் போதும். பால் போன்ற இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையில் மெதுவாக உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகத் தெரிந்தால் போடக்கூடாது.

அப்புறம், காய்ச்சலிலோ வயிற்றோட்டத்திலோ அம்மா சாப்பிடாமல் கிடந்தால் பழைய அளவையே குத்தினால் சீனி இறங்கிவிடும். பயந்து முழுவதும் நிறுத்தினால் ஏறிவிடும். அப்படியான நாளில் எத்தனை யூனிட் என்பதை இப்போதே கிளினிக் டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். ஊர் மூடிய பிறகு கேட்க ஆள் கிடைக்காது. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால், நினைவிருக்கிறபோதே மூன்று தேக்கரண்டி சீனி போட்ட சாயத்தண்ணி கொடுக்க வேண்டும். நினைவில்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, 1990 ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

1990 சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசம். ஆனால் நம் ஆட்கள் தோட்டத்தின் தமிழ்ப் பெயரைச் சொல்வார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு ஆங்கிலப் பெயர்தான் தெரியும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், டிவிஷன், பக்கத்து ஃபெக்டரி, பிரதான வீதியில் வண்டி நிற்கக்கூடிய இடம் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். 2020இல் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் லயத்துக்கு விலாசம் ஏது? தோட்டத்து ஆபிசுக்குப் போய்ச் சேர்கிற கடிதம் என்றைக்குக் கைக்கு வரும் என்று உங்களுக்கே தெரியும். இருநூறு வருடம் இந்த மலையில் வாழ்ந்த சனத்துக்கு வீட்டு இலக்கம் கொடுக்காமல், தபாலில் மருந்து அனுப்பினோம் என்று கணக்குக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். மறுபடி அப்படியொரு ஏற்பாடு வந்தால், சம்மதம் கேட்டுத் தெரிந்த டவுன் கடையொன்றின் விலாசத்தைக் கொடுங்கள், கூடவே அந்தப் பிள்ளையின் போன் நம்பரையும்.

தொற்று நேரத்தில் காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு, நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. மெலிந்த உடம்பென்றால் ஒன்றே போதும். பாமசிக்காரர் கொடுக்கும் டைக்லோஃபெனக், ஐபுபுரோஃபென், "ஒரே ஊசியில் எழுப்பிவிடுகிறேன்" என்பவரின் ஊசி எதுவும் வேண்டாம். டெங்கு என்றால் இவை இரத்தக் கசிவைக் கூட்டலாம், எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சீனி வருத்தம் உள்ளவருக்கு ஏற்கனவே சிறுநீரகம் நொந்துதான் இருக்கும். வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் சில வேளை காய்ச்சலே காட்டாது. திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சு மாறுவது, நடந்தவர் விழுவது, இவைதான் அறிகுறி. தினமும் போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் ஓமென்றுதான் சொல்வார். "என்ன கறி?" என்று கேளுங்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் தனிமைப்படுத்தல் என்பதெல்லாம் காகிதத்தில்தான். அம்மா தனியாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லது. வருகிறவர்கள் இஸ்தோப்பிலேயே இருந்து கதைத்துவிட்டுப் போகட்டும்.

கொழும்புக்கு? தொற்றுக்காக வேண்டாம். நீங்கள் நான்கு பேரோடு பகிர்கிற அறையை விட அந்தக் காற்று நல்லது. கிளினிக், மொழி, ஆட்கள் எல்லாம் அங்கேதான். மண்சரிவு அப்படி அல்ல. அந்த லயத்துக்கு வெளியேறச் சொல்லி அறிவித்தால் அன்றே, இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும். அம்மா வரமாட்டேன் என்று அடம்பிடிப்பார், கோழியைச் சொல்வார், சாமிப் படத்தைச் சொல்வார். பிஸ்கட் டின்னையும் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலின் குப்பியை எடுக்க எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.