சைல்ட்மைண்டர் வீட்டில் சாப்பாட்டுக் காசும் விலைக்கழிவும்: கேள்வி பதில்

நான் லண்டனில் ஒஃப்ஸ்டெட் (பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பையும் மேற்பார்க்கும் அரச அமைப்பு) பதிவோடு வீட்டில் பிள்ளைகள் பார்க்கும் சைல்ட்மைண்டர். இந்த வேலையில் இருக்கும் நம்மவர்களும், பிள்ளையை எங்களிடம் விடும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் காசு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். சொல்வதெல்லாம் இங்கிலாந்து விதிகள். ஸ்கொட்லாந்து, வேல்ஸில் இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே வேறு முறை.

அக்கா, இப்போதுதான் பதிவு கிடைத்தது. சாப்பாட்டை மணித்தியாலக் காசுக்குள் சேர்க்கவா, தனியாக வாங்கவா? (ஹரோ)

தனியாக வாங்குங்கள். முந்தி எல்லாரும் ஒரே தொகையாகத்தான் சொல்வார்கள், "மணிக்கு இவ்வளவு, சாப்பாடும் அதற்குள்" என்று. அந்தக் காலம் போய்விட்டது. 2025 செப்டம்பரிலிருந்து, வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்தபின் வாரம் 30 மணித்தியாலம் வரை அரசாங்கம் கவுன்சில் ஊடாகக் கட்டுகிறது. ஃபண்டிங் என்று நாங்கள் சொல்லும் அந்தக் காசு பிள்ளையைப் பார்ப்பதற்கு மட்டும்தான். சாப்பாடு, நப்பி, வெயில் கிறீம், வெளியே கூட்டிப் போகும் செலவு எதுவும் அதற்குள் வராது. நீங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருந்தால், பிள்ளை ஃபண்டிங்குக்குள் வந்த அன்றே எது எதற்கான காசு என்று பிரிக்க முடியாமல் நிற்பீர்கள்.

விலை போடுவது பெரிய கணக்கு இல்லை. ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளுக்காக வாங்கிய சாமான் பில்களைத் தனி உறையில் போட்டு வையுங்கள். மாத முடிவில் கூட்டி, கொடுத்த சாப்பாடுகளின் எண்ணிக்கையால் பிரியுங்கள். அதன் மேல் காஸ், கரண்டுக்கும், பிள்ளை தொடாமல் விட்டுக் கொட்டுப்படுவதற்கும் கொஞ்சம் சேருங்கள். சமைக்கிற நேரத்துக்கு நான் காசு போடுவதில்லை. அந்த நேரத்துக்குத்தான் மணித்தியாலக் காசு வருகிறதே. என் வீட்டில் காலை 1 பவுண், மதியம் 2.50, பின்னேரம் 2, ஆக நாளுக்கு 5.50. உங்கள் பகுதியில் கூடலாம், குறையலாம். பக்கத்து நேர்சரி மதியச் சாப்பாட்டுக்கு எவ்வளவு எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டு அப்படியே போடாதீர்கள். அவர்களுக்குச் சமையல்காரர் சம்பளமும் இருக்கும்.

30 மணித்தியாலம் இலவசம் என்றார்கள். எனக்கு வாரம் நூறு பவுணுக்கு மேல் பில் வருகிறது. ஏமாற்றுகிறார்களா? (ஈஸ்ட் ஹாம், ஒரு அம்மா)

பில்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு தொகை நேர்மையாகவே வரலாம். அந்த 30 மணித்தியாலம் பள்ளிக்கூடம் நடக்கும் 38 வாரங்களுக்கு மட்டும். ஆண்டுக்கு மொத்தம் 1,140 மணித்தியாலம். உங்கள் சைல்ட்மைண்டர் அதை 48 வாரத்துக்கு நீட்டித் தருகிறார் என்றால் வாரத்துக்கு 23.75தான் விழும். பிள்ளை நாலு நாள், நாளுக்கு ஒன்பது மணித்தியாலம் நிற்கிறார் என்று வைப்போம். மொத்தம் 36. மிச்சம் 12.25 மணித்தியாலம் உங்கள் பொறுப்பு. மணிக்கு 7 பவுண் என்றால் 85.75. நாலு நாள் சாப்பாடு 22. ஆக 107.75.

நீங்கள் கேட்க வேண்டியது, இவை தனித்தனி வரியாக இன்வொய்ஸில் இருக்கின்றனவா என்பது. ஃபண்டட் மணித்தியாலம், மேலதிக மணித்தியாலம், சாப்பாடு, மற்றப் பொருட்கள் எல்லாம் பிரித்துக் காட்டப்பட வேண்டும். கவுன்சில் தருவது தன் வழமையான விலையைவிடக் குறைவு என்பதற்காக அந்த வித்தியாசத்தை உங்களிடம் வாங்க யாருக்கும் அனுமதி இல்லை. "டொப்-அப்" என்று ஒரு வரி இருந்தால், அல்லது பெயரே இல்லாமல் ஒரு தொகை நின்றால், முதலில் அவரிடமே கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் கவுன்சிலின் குடும்பத் தகவல் பிரிவுக்குப் போகலாம்.

ஒரு தாய் சாப்பாட்டுக் காசு தர மாட்டேன், வீட்டிலிருந்து கட்டி விடுகிறேன் என்கிறார். பிள்ளையை எடுக்க மாட்டேன் என்று சொல்லலாமா?

ஃபண்டட் இடம் என்றால் சொல்ல முடியாது. சாப்பாட்டுக் காசு அவர் விரும்பினால் கட்டுவது. அதைக் கட்டினால்தான் இடம் என்று நிபந்தனை போடக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் கட்டுச் சாப்பாட்டை அனுமதிக்கலாம், அல்லது நீங்களே காசை விட்டுவிடலாம். முழுக்கத் தனியார் மணித்தியாலம் என்றால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கொன்ட்ராக்ட்.

அதற்காக எது வந்தாலும் கொடுக்க வேண்டும் என்றில்லை. எங்கள் வீட்டில் கடலை, கஜு வேண்டாம், முழுத் திராட்சையை நீளவாக்கில் வெட்டி அனுப்புங்கள், சோறு என்றால் முந்தின நாள் சமைத்து ஃபிரிட்ஜில் வைத்ததைவிடப் பழையது வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கொண்டு வந்ததை வந்தவுடன் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரே தரம் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். எந்தச் சாப்பாடாக இருந்தாலும் பிள்ளை சாப்பிடும்போது நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஒன்று பார்த்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் புட்டும் பருப்பும் குழைத்துச் சாப்பிட, ஒருவர் மட்டும் சான்ட்விச்சோடு இருந்தால் இரண்டு கிழமையில் அந்தப் பிள்ளையே தாயிடம் சொல்லிவிடும். நீங்கள் வற்புறுத்தத் தேவையே இல்லை.

எங்கள் பிள்ளைக்கு மச்சம் கொடுப்பதில்லை. சைவச் சாப்பாட்டுக்குக் காசு குறைக்கலாம்தானே? இன்னொருவர் பசுப்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கூடக் கேட்கிறார்.

இரண்டையும் ஒரே விலையில் வைப்பதுதான் என் முறை. சமயத்துக்காக ஒரு விலை, ஒவ்வாமைக்காக ஒரு விலை என்று போனால் பிரச்சினை தேடி வரும். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் எங்கள் சின்ன வீட்டுக்கும் பொருந்தும். பருப்புக்கும் கோழிக்கும் உள்ள வித்தியாசம் மாத முடிவில் பெரிதில்லை. சட்டத்தில் பட்டியலிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களில் எது எந்தச் சாப்பாட்டில் இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அதற்குத் தனிக் காசு கேட்பது அழகில்லை.

இரண்டு பிள்ளைகளை விடுகிறோம், இரண்டாவதற்குப் பத்து வீதம் கழிவு தாருங்கள் என்கிறார்கள். நேர்சரியில் கொடுக்கிறார்களாம். (கிறொய்டன்)

இதுதான் அதிகம் பேர் கேட்ட கேள்வி. நிதானமாகப் பார்ப்போம்.

நேர்சரியில் ஐம்பது அறுபது பிள்ளைகள். ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் கழிவு மற்றவர்களின் காசில் கரைந்துவிடும். நமக்கு எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேர்தான், அதிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் வழமையாக மூன்று பேர். அந்த மூன்று இடத்தில் ஒன்றுக்குப் பத்து வீதம் குறைத்தால்? மணிக்கு 7 பவுண், வாரம் 40 மணித்தியாலம் என்றால் 280. பத்து வீதம் 28. ஆண்டுக்கு 48 வாரம் போட்டால் 1,344 பவுண் உங்கள் பையிலிருந்து போகிறது. அந்த இடத்துக்கு முழுக் காசு கொடுக்க இன்னொரு குடும்பம் காத்திருக்கிறதென்றால் ஏன் குறைக்க வேண்டும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் வாசலில் ஒரு தரம், கொன்ட்ராக்ட் பேச்சு ஒரு தரம், சச்சரவும் ஒன்று. அது லாபம்தான். ஆனால் அந்தக் குடும்பம் வீடு மாறிப் போனால் ஒரே மாதத்தில் உங்கள் வருமானத்தில் பெரும் பங்கு போய்விடும். அதனால்தான் சகோதரர் கழிவு என்ற பேச்சை நான் அவ்வளவு இலகுவாக ஏற்பதில்லை.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பள்ளிக்கூடம் விட்டபின் வரும் மூத்த பிள்ளையின் காசில் கொடுங்கள். அந்த இடம் பெரும்பாலும் நிரம்பாமல் இருப்பது. சாப்பாட்டில் கழிவு வேண்டாம். இரண்டாவது பிள்ளையும் அதே அளவு சாப்பிடும், சில வேளை கூடவும் சாப்பிடும். கவுன்சில் கட்டும் மணித்தியாலத்தில் பெற்றோர் எதுவும் கட்டாததால் அங்கே கழிவுக்கு இடமில்லை. மிச்ச மணித்தியாலத்துக்கு மட்டும்தான்.

தங்கச்சியின் பிள்ளையைப் பார்க்கிறேன். ஃபண்டிங் எடுத்துக்கொண்டு அவளிடம் ஒன்றும் வாங்காமல் விடலாமா?

முடியாது. கூடப்பிறந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, உங்கள் சொந்தப் பிள்ளை, இவர்களுக்கு நீங்கள் ஃபண்டிங் எடுக்க முடியாது. கணவரின் சகோதரியின் பிள்ளையும் அதற்குள்தான். சைல்ட்மைண்டராக இருக்கும் இரண்டு சகோதரிகள் பிள்ளைகளை மாற்றிப் பார்த்தாலும் இதே கதை. தங்கச்சிக்கு 30 மணித்தியாலம் வேண்டுமென்றால் வேறொருவரிடம்தான் விட வேண்டும். உங்களிடம் விட்டால் அவள் தருவதை நீங்கள் வாங்கலாம், விடலாம், அது குடும்ப விஷயம்.

காசாகத் தருகிறேன், ரசீது வேண்டாம், கொஞ்சம் குறையுங்கள் என்று ஒருவர் கேட்கிறார்.

வேண்டாம். வரிப் பிரச்சினையை விடுங்கள், அது அவருக்கே நட்டம். டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கெயார் கணக்குத் திறந்தால் அவர் 8 பவுண் போட அரசாங்கம் 2 பவுண் போடும். அது இருபது வீதக் கழிவு. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண் வரை. பள்ளிக்கூடம் போகும் 11 வயதுப் பிள்ளைக்கும் எடுக்கலாம், ஃபண்டட் மணித்தியாலத்துக்கு மேல் கட்டும் காசுக்கும் எடுக்கலாம். பெற்றோர் இருவரும் வேலை செய்ய வேண்டும், ஒருவருக்கும் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் பவுணைத் தாண்டக் கூடாது. யூனிவர்சல் கிறெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம்) எடுப்பவர் இதை எடுக்க முடியாது, ஆனால் அங்கேயே சைல்ட்கெயார் செலவில் 85 வீதம் வரை, ஒரு மாத உச்ச வரம்புக்குள், திருப்பிக் கிடைக்கும்.

கழிவு கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்குத் திறந்தாயிற்றா என்றுதான். பாதிப் பேர் திறந்திருக்க மாட்டார்கள். அப்புறம் ஒன்று, கழிவு கொடுத்தீர்கள் என்றால் ரசீதும் கழிவு போக அவர் கட்டிய தொகைக்கே. முழுத் தொகைக்கு எழுதித் தரச் சொன்னால் தராதீர்கள்.

தெரிந்தவர் என்று குறைத்துக் கொடுத்தேன். இப்போது விலை கூட்டினால் முகம் சுளிக்கிறார். (வெம்பிளி)

இன்வொய்ஸில் குறைத்த விலையை மட்டும் எழுதியிருப்பீர்கள். அதுதான் அவருக்கு உங்கள் விலை. இனி முழு விலையை மேலே எழுதி, கழிவைக் கீழே தனி வரியாகக் காட்டி, "ஓகஸ்ட் 31 வரை" என்று திகதி போடுங்கள். ஒரு மாத முன்னறிவித்தல் எழுத்தில் கொடுங்கள். புதிதாகக் கொடுக்கும் எந்தக் கழிவுக்கும் முடிவுத் திகதி வையுங்கள். மற்றப் பெற்றோருக்கும் எப்படியும் தெரியவரும், வாசலில் பேசுவார்கள், அதனால் ஏன் கொடுத்தீர்கள் என்று சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும். "ஐந்து நாளும் வருகிறார்" என்பது காரணம். "எங்கள் ஊர்" என்பது இல்லை.

பிள்ளை வராத நாளுக்குச் சாப்பாட்டுக் காசு?

நான் வாங்குவதில்லை, முதல்நாள் பின்னேரத்துக்குள் சொன்னால். மேலதிக மணித்தியாலக் காசு கொன்ட்ராக்ட்படி.

பாலுக்கும் காசு எடுக்கலாமா?

நேர்சரி மில்க் திட்டத்தில் சேர்ந்தால் தேவையில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உங்களிடம் இரண்டு மணித்தியாலமோ கூடவோ நின்றால் நாளுக்கு 189 மில்லிலீற்றர் பாலுக்கு அரசாங்கம் காசு தரும். ஒரு வயதாகாத குழந்தைக்கு மாப்பாலாகவும் எடுக்கலாம். பதிவு செய்து, வாங்கிய அளவைக் குறித்து வைத்துத் திருப்பிக் கேட்க வேண்டும். அப்படி எடுத்த பாலைப் பெற்றோரின் பில்லில் போடக் கூடாது.